வெங்கடம்மா குவைத்தில் இருக்கிறாள்

சர்க்கார் காகிதப்படி வெங்கடம்மா குவைத்தில் இருந்தாள். ரெண்டு வருஷமாக அங்கே ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வீடு நிறைய ஜனத்துக்கு ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் ஏரிக்கு மேற்கே, தன் வீட்டு வாசலில் குந்தி, பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டைக் காய் ஆய்ந்துகொண்டிருந்த வெங்கடம்மாவைப் பற்றி எந்தக் காகிதத்துக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் இப்போதைய பாடு.

ஐப்பசி மாதத்து வானம் இருக்கிறதே, அதை நம்பி ஒரு முழத்துணி உலர்த்த முடியாது. காலையில் பல்லைக் காட்டும். மதியத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மேட்டு நிலத்து மல்லாட்டை முழுக்கப் பிடுங்கி வாசலில் கிடந்தது. நனைந்தால் காய் ஓட்டுக்குள்ளேயே முளை விட்டுவிடும், அப்புறம் மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சர்க்கார் அளந்து கொடுத்த நிலம் அது. அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் சொந்தச் செடியைப் பிடுங்கினதில்லை, எல்லாம் ஊரான் நிலத்துச் செடிதான். அதனால் ஒரு காய் மண்ணோடு போனாலும் வெங்கடம்மாவுக்கு மனசு ஆறாது. விரல் நுனியெல்லாம் வெடித்து, மண் ஏறி, எரிந்தது. அவள் கை நிற்கவில்லை.

வீட்டில் ஆம்பளைகள் ரெண்டு பேர். மூத்தவன் ரங்கன், வெங்கடம்மாவின் புருஷன். இளையவன் சண்முகம். போர்வெல் லாரியில் வேலைக்குப் போன இடத்தில் இரும்புக் குழாய் சரிந்து இடது கால் நசுங்கிப் போனது. கட்டிலிலிருந்து தடியை ஊன்றி வாசல் வரை வருவான், திரும்பிப் போவான், அவ்வளவுதான். அவன் கால் போனபோது அவன் பெண்டாட்டி யமுனாவுக்கு இருபத்திரண்டு வயசு. இடுப்பில் ரெண்டு வயசு வள்ளி.

அப்போதுதான் திருப்பதியிலிருந்து பவன்குமார் வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டு, கடப்பா, சித்தூர் பெண்களைக் குவைத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஏஜெண்டு. "வீட்டு வேலைக்குப் போற லேடீசுக்கு முப்பது வயசு முடிஞ்சிருக்கணும்மா, ரூல் அது" என்று உதட்டைப் பிதுக்கினான். பிறகு யமுனாவுக்குப் பின்னால் நின்ற வெங்கடம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். "இவங்களுக்கு ஆயிடிச்சில்ல?"

அப்படித்தான் ஆனது. வெங்கடம்மாவின் ரேஷன் கார்டும் ஓட்டு கார்டும் திருப்பதிக்குப் போயின. திரும்பி வந்தபோது வெங்கடம்மாவின் மூஞ்சி இருந்த இடத்தில் யமுனாவின் மூஞ்சி இருந்தது. மேலே புத்தம் புது முத்திரை, ஈரம் காயாத மாதிரி பளபளவென்று. பாஸ்போர்ட்டு மனுவில் வெங்கடம்மா கட்டைவிரல் வைத்தாள். புருஷன் என்ற இடத்தில் ரங்கன் தெலுங்கில் கையெழுத்துப் போட்டான். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. ஆனால் கட்டிலில் ஒருத்தன் கால் வீங்கிக் கிடக்கும்போது தப்பு என்பது ரொம்ப தூரத்து விஷயம். "பேர்தான. எடுத்துக்கினு போயி குடுத்துக்கினு வரட்டும். சேலையா கிழிஞ்சி போறதுக்கு?" என்று சிரித்தவளே வெங்கடம்மாதான். அந்தப் பேரில் யமுனா குவைத்துக்குப் போனாள்.

போன வாரம் எஸ்டிடி பூத்துக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். வெங்கடம்மா மண் கையோடு ஓடினாள்.

"அக்கா, அந்த வூட்ட வுட்டு ஓடியாந்துட்டேன்." யமுனாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "கைல சூடு வெச்சிட்டாங்கக்கா. இஸ்திரிப் பொட்டியால."

"அடிப் பாவி மவளே! யாருடீ?"

"அந்தம்மாதான். வுடு, அத்த அப்பால சொல்றேன். இப்ப நம்ம எம்பசில கீறேன், என்ன மாரி நூறு பேரு கீறாங்க. பாஸ்போட்டு அவங்ககிட்டயே மாட்டிக்கிச்சி. இங்கேர்ந்து ஊருக்கு எழுதிப் போட்டுக்கீறாங்களாம். போலீசு வூட்டுக்கு வந்து, வெங்கடம்மான்னு ஒருத்தி குவைத்துக்குப் போயிருக்காளான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும்க்கா. அப்பத்தான் என்ன அனுப்புவாங்க."

"சொல்றோம்டீ, சொல்லாம இன்னா. நீ துன்னியா?"

"துன்னேன். வள்ளி இன்னா பண்றா?"

"ஆட்டுக்குட்டியோட ஆடிக்கினு கீறா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. "அக்கா, நான் உன் பேர்லதான் கீறேன். உன் பேர வுட்றாத."

ரங்கன் மறுநாளே திருப்பதிக்குப் பஸ் ஏறினான். பவன்குமாரின் கடை இருந்த இடத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை இருந்தது. சந்தனம் பூசின மொட்டைத் தலைகளுக்கு நடுவே தெருத் தெருவாக அலைந்து, கடைசியில் ஒரு ஓட்டல் வாசலில் ஆளைப் பிடித்துவிட்டான். "எவரய்யா நுவ்வு?" என்று கேட்டானாம் பவன்குமார், யாரய்யா நீ என்று, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். இன்னொரு தடவை இந்தப் பக்கம் பார்த்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்றும் சொன்னானாம். போலீசில்! ரங்கன் வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் இதையெல்லாம் சொன்னான்.

வெங்கடம்மாவை எங்காவது அனுப்பிவிடுவது என்றுதான் முதலில் முடிவானது. பாலசமுத்திரத்தில் நாத்தனார் மணியம்மா வீட்டுக்குப் போனாள். போலீசு வரவில்லை. வாசலில் செடி வாடிக் கிடந்தது, ஆய ஆள் இல்லை, மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்து அவளால் ஒரு வாய்ச் சோறு துன்ன முடியவில்லை. கிளம்பி வந்துவிட்டாள். "நான் மணியம்மாவா இருந்துக்கறேன். உனக்குத் தங்கச்சி. செடி ஆய வந்துக்கீறேன். போலீசு இன்னா, மணியம்மாவப் பாத்துக்கீறானா?" என்றாள்.

சரியென்று பாடம் நடந்தது. ரங்கன்தான் வாத்தியார்.

"உன் பேரு இன்னா?"

"மணியம்மா."

"எந்த ஊரு?"

"பாலசமுத்திரம்."

"ரங்கனுக்கு நீ இன்னா வேணும்?"

"கூடப் பொறந்த தங்கச்சி."

"புருசன் பேரு?"

"பாலசுந்தரம்."

கட்டிலில் கிடந்த சண்முகம் அந்த நிலையிலும் சிரித்துவிட்டான். "பாத்தியா அண்ணி, ஊரான் புருசன் பேரு மட்டும் தொண்டைல சிக்காம வருது."

அவன் கிண்டலில் விஷயம் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெங்கடம்மா புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும். இந்தப் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டாள். ஆனால் ரேஷன் கடைக்காரனுக்கும் ஆஸ்பத்திரி நர்சுக்கும் மண்டல ஆபீசுக்கும் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதற்கு ஒரு வழி இருந்தது. கல்யாணமான வருஷம் கார்வேட்டிநகரம் கோயில் திருவிழாவில், பச்சை குத்துகிறவளிடம் முன்கையை நீட்டி, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு, 'ரங்கன்' என்று தெலுங்கு எழுத்தில் எழுதி வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தக் கையை நீட்டினால் எந்த ஆபீசரும் படித்துக்கொள்வான்.

வள்ளிக்கும் பாடம் நடந்தது. பெரிம்மாவைப் பெரிம்மா என்று கூப்பிடக்கூடாது, அத்தை என்று கூப்பிடவேண்டும். நாலு வயசுக் குழந்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு, "அத்தே! அத்தே!" என்று ஆட்டுக்குட்டியையும் அப்படியே கூப்பிட்டாள்.

போலீசு மத்தியானத்தில் வந்தார். மொபெட்டில் ஒரே ஆள், தலைமைக் கான்ஸ்டபிள் கோபிகிருஷ்ணன். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "அப்பா, இன்னா புழுக்கம்யா" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லைப்புறத்து ஆள்; வாயில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் வரும். வெங்கடம்மா அவித்த மல்லாட்டையை ஒரு தட்டில் வைத்து, சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரும்பப் போய்ச் செடியண்டை குந்தினாள்.

"வெங்கடம்மா யாருய்யா?"

"எம் பொண்டாட்டி சார்" என்றான் ரங்கன். குரல் கொஞ்சம் நடுங்கியது.

"எங்க?"

"குவைத்துல சார்."

கோபிகிருஷ்ணன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். யமுனாவின் மூஞ்சி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மை பூசின மாதிரி மங்கலாக இருந்தாள். "இந்தம்மாவா?"

"ஆமா சார். இவதான்." பொய்யை நெஜத்தைவிடச் சுளுவாகச் சொன்னான் ரங்கன், பாவம், அந்த ஒரு தடவை.

"இவன் யாரு?"

"தம்பி சார். கால் போயிடிச்சி."

"உன் பொண்டாட்டி எங்கடா?"

சண்முகம் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போய்க்கீறா சார்."

"எல்லா வூட்லயும் இதான்" என்று சிரித்தார். வள்ளி ஓடிவந்து வெங்கடம்மாவின் முதுகில் தொங்கி, "அத்தே, எனுக்கும் மல்லாட்டே" என்றாள். நாலு வயசுப் பிள்ளை பாடம் தப்பவில்லை.

கோபிகிருஷ்ணன் தொடையில் அட்டையை வைத்து எழுதினார். இடையிடையே காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினபோது வெங்கடம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. யமுனா வந்துவிடுவாள். திருத்தணி முருகனுக்கு ஒரு பால்குடம் எடுக்கணும் என்று மனசுக்குள் முடிந்துவைத்தாள்.

"ஒரு சாட்சி வேணும்" என்று பேனாவைத் திரும்பத் திறந்தார் அவர். "இந்தம்மாவே கைநாட்டு வெக்கட்டும். பேரு இன்னாம்மா?"

"மணியம்மா சார். பாலசமுத்திரம்."

தெலுங்கில் எழுதுகிற கைக்குத் தெலுங்குதான் வாயில் வந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார். "மீ ஆயன பேரேந்தம்மா?"

உன் புருஷன் பேர் என்ன? அவ்வளவுதான் கேட்டார். பாடம் தமிழில் நடந்திருந்தது. ஆனால் இத்தனை வருஷமாக ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவளை இந்தக் கேள்வி கேட்டவர்களெல்லாம் தெலுங்கில்தான் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. மடியில் இருந்த செடியைத் தள்ளிவிட்டு, இடது முன்கையை நீட்டினாள்.

கோபிகிருஷ்ணன் குனிந்து, மண்ணை விரலால் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். "ர... ங்க... ன்."

நீட்டின கை நீட்டினபடியே நின்றது. ஐயோ, ஐயோ என்று அவளுக்குள் ஒரு குரல் கத்தியது. சண்முகம் கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணன் பேரையா கைல பச்ச குத்திக்கினு கீற?" என்றார் கோபிகிருஷ்ணன், மெதுவாக. வாயில் இருந்த மல்லாட்டையைத் துப்பினார். "நீதான வெங்கடம்மா?"

ரங்கன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். "சார், புள்ளகுட்டிக்காரங்க சார், காப்பாத்துங்க சார்!"

"எந்திரிய்யா. உங்க வூட்டு மோரக் குடிச்சிட்டு, உங்க பொய்ய என் கையாலயே எழுதிட்டேனேடா!" அவர் கோபத்தில் தாளைக் கசக்கினார். "இது இன்னா வெளையாட்டா? கார்டுல மூஞ்சி மாத்தி, முத்திர மாத்தி, ஆள் மாத்தி... நானூத்தி அறுவத்தெட்டு, நானூத்தி எழுவத்தொண்ணு, நானூத்திப் பத்தொம்போது, அப்பால பாஸ்போட்டுச் சட்டம் வேற. வருசக் கணக்குல உள்ள கெடப்பீங்க."

வெங்கடம்மா கையை மடக்கிக்கொண்டாள். "சார், அந்தப் பொண்ணு வருமா?"

"எந்தப் பொண்ணு?"

"அங்க கீறவ. யமுனா. இவம் பொண்டாட்டி. கைல சூடு வெச்சிட்டாங்களாம் சார்."

அவர் வள்ளியைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மறுபடியும் விசிறிக்கொண்டார். "வெங்கடம்மா இங்க கீறான்னு எழுதினா, அங்க கீறவ யாருன்னே ஆயிடும். எவனும் பேப்பர் குடுக்க மாட்டான். அங்கியே கெடக்கணும், இல்லன்னா அந்த ஊரு ஜெயிலு. தெரிஞ்சே பொய் எழுதினா என் வேல போயிடும். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீதும்மா."

"வேற வழி?"

"ஒண்ணுதான். அங்க கீறது யமுனா, இவம் பொண்டாட்டி, எங்க வூட்டுப் பொண்ணுதான்னு வாக்குமூலம் குடுக்கணும். பேர் மாத்தினது எப்டி, யார் யார் பண்ணாங்க, எல்லாம் சொல்லணும். அவ வந்துடுவா, தன் பேர்ல. வந்தா அவ மேலயும் கேசு வரும், ஆனா கார்ட எடுத்துக் குடுத்தவங்க மேலதான் பெருசா வரும். சொன்னவங்க உள்ள போவணும்." எழுந்து நின்றார். "நான் ஏரிக்கரைல பீடி புடிச்சிக்கினு கீறேன். பேசிக்கினு கூப்புடுங்க."

ரங்கன் அவளை மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். வேர்வையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாயத் தொறக்காதமே. வெங்கடம்மா இங்கதான் கீறா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எவனோ கார்டத் திருடிட்டான்னு சொல்லிப்புடுவோம்."

"அவ?"

"எப்டியாவது வருவா. நூறு பேரு கீறாங்கன்னாளே, அவங்கல்லாம் வரச்சொல்ல இவளும் வருவா."

"எந்தப் பேர்ல வருவா?"

ரங்கன் பல்லைக் கடித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கொழந்த நம்மகிட்ட நல்லாத்தான கீது. உன்னத்தான பெரிம்மா பெரிம்மான்னு சுத்திக்கினு கீது. உனக்கும் ஒண்ணு இல்ல."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஏனென்றால் அது அவளுக்குத் தெரியாததல்ல. வள்ளி அவள் வயிற்றை ஒட்டிப் படுத்துத் தூங்கின ராத்திரிகளில், இவ அம்மா வராமலே போனா என்ன என்று அவளுக்குள் எதுவோ ஒன்று எட்டிப் பார்த்ததுண்டு. அப்போதெல்லாம் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கும். இப்போது அதே பேச்சை இவன் வாயிலிருந்து கேட்டபோது உடம்பெல்லாம் கூசிப் போனது. இஸ்திரிப் பெட்டியின் சூடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். சதை எப்படிக் கருகும், கத்தினால் அந்த ஊரில் யாருக்கு யமுனாவின் தமிழ் புரியும் என்று யோசித்தாள்.

"தோ பாருய்யா" என்றாள். "அவ என் பேர்ல போய் அந்த சூட்ட வாங்கிக்கினு கீறா. எனக்கு வர வேண்டியது அது."

வாசலுக்கு வந்து ஏரிக்கரையைப் பார்த்துக் கை அசைத்தாள்.

கோபிகிருஷ்ணன் புதுத் தாள் எடுத்தார். இந்தத் தடவை மல்லாட்டைத் தட்டைத் தொடவில்லை.

"பேரு?"

"வெங்கடம்மா." தன் பேர் தன் வாயில் வந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. கடன் கொடுத்த பொருள் கைக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொள்ள நேரமில்லை.

"புருசன் பேரு?"

கை தானாகக் கிளம்பியது. கோபிகிருஷ்ணன் தலையை ஆட்டினார். "கைய நீட்டாதம்மா. வாக்குமூலம் இது. கைல கீறத நான் பாத்துக்கினு எழுத முடியாது. வாயால சொல்லணும்."

அவள் ரங்கனைப் பார்த்தாள். அவன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை விரதம், எல்லாம் இந்த ஆயுசுக்காக. எச்சிலை விழுங்கினாள்.

"ரங்கன்" என்றாள்.

ஆகாயம் இடிந்து விழவில்லை. ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தது. சண்முகம் மட்டும் தடியைப் பிடித்தபடி, "அண்ணி!" என்று தேம்பினான்.

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பவன்குமார் வந்தது, கார்டு போனது, மூஞ்சி மாறினது, கட்டைவிரல் வைத்தது. புருஷன் கையெழுத்து என்ற இடம் வந்தபோது அவளே முந்திக்கொண்டாள்.

"அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார். பேங்குல லோனுக்குன்னு சொல்லி நான்தான் கையெழுத்து வாங்கினேன். எல்லாம் நான்தான் பண்ணேன். எழுதிக்குங்க."

பேனா நின்றது. அந்த நெஜ வாக்குமூலத்துக்கு நடுவில் அது ஒரு பொய் என்பது கோபிகிருஷ்ணனுக்குத் தெரியாதா என்ன? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போட்டோவைப் பார்த்து, எம் பொண்டாட்டிதான் என்று அந்த ஆள் சொன்னதை அவர் காதால் கேட்டவர். அவர் ரங்கன் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா? மெய்யாலுமா? உனக்குத் தெரியாதா?"

ரங்கன் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே 'சரின்னு சொல்லு' என்றாள். அவன் தப்பிக்கட்டும் என்றுதானே சொன்னாள்! வீட்டில் ஒரு ஆளாவது இருக்கட்டும், வள்ளிக்குக் கஞ்சி ஊற்ற, நிலத்தைப் பார்க்க. அவன் சரியென்று சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வேணாம் சார், எனக்கும் தெரியும்' என்று வாய் குழறமாட்டானா என்று ஒரு நப்பாசை அவளுக்கு இருந்தது.

"ஆமா சார்" என்றான் ரங்கன், உடனே. "எனக்கு ஒண்ணும் தெரியாது. பொம்பள ஏதோ கைநாட்டு வெச்சிட்டு எங்கிட்ட கையெழுத்து கேட்டா. போட்டேன். லோனுன்னுதான் சொன்னா."

அவன் இன்னும் சொல்லிக்கொண்டே போனான். பொம்பளப் புத்தி என்றான். பல தடவை கண்டிச்சேன் என்றான். அவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. கொடுத்தது அவள்தான், எடுத்துக்கொண்டது தப்பில்லை, ஆனால் இப்படிப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான் என்று அவள் நினைக்கவில்லை. மனசு உடைந்து போனது.

கோபிகிருஷ்ணன் எல்லாவற்றையும் எழுதினார். மை டப்பாவைத் திறந்தார். அவள் கட்டைவிரலில் ஏறியிருந்த மண்ணை முந்தானையில் துடைத்துவிட்டு அழுத்தி வைத்தாள். "கூட வாம்மா. எஸ்.ஐ. முன்னாடி இன்னொரு தடவ சொல்லணும். அப்பத்தான் இன்னிக்கே பேப்பர் சித்தூருக்குப் போவும்" என்றார். குரலில் பழைய கோபம் இல்லை.

அவள் உள்ளே போய் முகம் கழுவி, மாற்றுச் சேலை ஒன்றை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். வள்ளியைத் தூக்கி சண்முகம் மடியில் உட்கார வைத்தாள். "உங்க அம்மா வர்றாடீ. அவ வந்தா கைல சூடு கீதும், புடிச்சி இஸ்துராத. மெல்லத் தொடு."

"நீ எங்கப் போறே அத்தே?" என்றாள் வள்ளி. பாடத்தை இன்னும் மறக்கவில்லை.

"பெரிம்மா" என்றாள் வெங்கடம்மா. "இனிமே பெரிம்மான்னே கூப்புடு."

தெருவில் ஜனம் கூடிவிட்டது. மொபெட்டின் பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தபோது மேற்கே இருந்த மேகம் தலைக்கு நேராக வந்துவிட்டது. ரெண்டு சொட்டு அவள் முன்கையில் விழுந்தது. வாசலில் மல்லாட்டை கிடந்தது, ஆய்ந்ததும் ஆயாததும். ரங்கன் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். இத்தனை நாளாக அவனை அவள் இந்தாய்யா என்பாள், தோ பாருய்யா என்பாள். இப்போது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஊரில் யாரோ ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டாள்.

"ரங்கா! மழ வந்துகினு கீது. காய அள்ளி உள்ள போடு."